அப்பா போடும் ஐஸும் நீங்கள் கேட்ட கெமிஸ்ரியும்

சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. மூன்று பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்: உயர்தரத்தில் பயோ, இரண்டாவது தடவை எழுதி கெமிஸ்ரிக்கு பி, பயோவுக்கு பி, பிசிக்ஸுக்கு சி. மெடிசினுக்கு இது போதாது என்று அவருக்கே தெரியும். உயிரியல் விஞ்ஞானம் ஏதாவதொரு கம்பஸில் கிடைக்கும் போலிருக்கிறது. மாமா மூன்றாம் தடவையும் எழுதச் சொல்கிறார். ரியூசன் சேர், கொழும்பில் கெமிஸ்ரி மட்டும் படிப்பிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போ என்கிறார். அம்மாவுக்கு மகள் தூரப் போகக் கூடாது. அப்பா கடற்தொழில், "நீயே பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். கேள்வி இரண்டு. "பயோவா கெமிஸ்ரியா, எதைப் படித்தால் திருகோணமலையிலேயே வேலை கிடைக்கும் அக்கா? பயோ படித்து டொக்டராகாவிட்டால் என்னத்துக்கு என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள், என்ன சொல்ல?"

தங்கச்சி, சொந்தக்காரருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கும் இதையே கேட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடங்களில் வேலை செய்து, இன்று ஒரு ஆய்வுகூடத்தைப் பொறுப்பாக நடத்துகிறேன், இன்னும் ஒரு பெரியம்மா என்னைக் காணும்போதெல்லாம் "நீ எந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை?" என்றுதான் கேட்பார். பழகிவிடும்.

மூன்றாம் தடவை பற்றி முதலில் பேசிவிடுவோம், அதுதான் அவசரம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம், அதில் இரண்டு முடிந்துவிட்டது. நம் மாவட்டத்துக்கு ஒரு சலுகை இருக்கிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. அதனால் கொழும்பில் இருக்கிற மச்சாளின் இசட் ஸ்கோரோடு (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) உங்களுடையதை ஒப்பிடுவதில் பொருளில்லை, சென்ற வருடங்களில் நம் மாவட்டத்துக்கு எந்தத் துறை எந்தப் புள்ளியில் வெட்டப்பட்டது என்று பாருங்கள். மெடிசின் வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்ட நின்று, அதுவும் பிசிக்ஸ் ஒன்றாலேதான் போனது என்றால் மூன்றாம் தடவையில் நியாயம் இருக்கிறது. பி, பி, சியில் நிற்கிற பிள்ளை இன்னொரு வருடம் அதே ரியூசன் வாங்கில் இருந்து எழுதினால் எவ்வளவு கூடும் என்பதை மாமாவை விட உங்கள் பழைய வினாத்தாள் மார்க்ஸ் சரியாகச் சொல்லும். எதையும் பதிய முன்னர் யூ.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின், மாணவர் கைநூலை நீங்களே, உங்கள் கண்ணாலே, வரிவரியாக வாசியுங்கள். "இப்போ பதிஞ்சு வை, பிறகு மாறலாம்" என்று வாய்க்கு வந்தபடி சொல்பவர்களால் பிள்ளைகள் இடத்தை இழந்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, பயோவா கெமிஸ்ரியா. இந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் தேட வேண்டியதே இல்லை! உயிரியல் விஞ்ஞானம் என்று எடுபட்டு விஞ்ஞான பீடத்துக்குப் போனால் முதல் வருடத்தில் பெரும்பாலும் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றையும்தான் படிப்பீர்கள். மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியே வரலாம், புள்ளி நன்றாக இருந்தால் ஒரு பாடத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். பயோ வழியாகப் போய் கெமிஸ்ரியில் சிறப்புப் பட்டம் எடுத்தவர்கள் ஏராளம், நானும் அப்படித்தான். ஆகவே இப்போதைக்கு உள்ள ஒரே கட்டளை, முதல் வருடத்தில் கெமிஸ்ரியைக் கைவிடாதீர்கள். பிறகு பூச்சிகளிலோ பாசிகளிலோ மனம் போனாலும் கெமிஸ்ரி கையில் இருந்தால் கதவு திறந்தே இருக்கும், மறுபக்கம் அவ்வளவு சுலபமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கம்பஸ் கெமிஸ்ரியில் பாதி கணக்கு. பௌதிக இரசாயனத்தில் வகையீடும் தொகையீடும் தண்ணீர் மாதிரி ஓடும், பயோப் பிள்ளைகள் அங்கேதான் தாழ்வார்கள். நான் முதல் அரையாண்டில் மெட்ஸ் படித்து வந்த ஒரு பிள்ளைக்குச் செயன்முறைக் குறிப்பு எழுதிக்கொடுத்து, பதிலுக்கு நுண்கணிதம் கற்றேன். நீங்கள் அந்தப் பண்டமாற்றுக்கு நிற்க வேண்டாம். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கப் போகிறீர்கள், பக்கத்து வீட்டு மெட்ஸ் பிள்ளையிடம் பழைய புத்தகத்தை வாங்கி வகையீட்டைத் தொடங்குங்கள். அப்புறம் ஆங்கிலம். விரிவுரை, செயன்முறை அறிக்கை, பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் "நியமிப்பு" (டைட்ரேஷன்), "அளவி" (பியூரெட்), "குழாயி" (பிப்பெட்) என்று படித்துவிட்டுப் போய் முதல் நாள் ஆங்கிலப் பெயரில் கேட்டபோது நான் வேறு கண்ணாடிச் சாமானைத் தூக்கிக் கொடுத்தேன், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கொப்பியில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் அந்தச் சிரிப்பு மிச்சம்.

இனி உங்கள் அப்பாவின் ஐஸ் பெட்டிக்கு வருகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கோ கடிதத்தில் அதுதான் பெரிய வரியாகத் தெரிந்தது.

சூரை மீன் பிடிபட்ட உடனே ஏன் ஐஸ் போடுகிறார்கள்? நாறாமல் இருக்க என்போம். அது பாதிதான். சூரை, கும்பளா மாதிரி மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் வெயிலில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றும். அந்த மீனைத் தின்றவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும், ஊரில் "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். இதில் கெட்ட விஷயம் என்னவென்றால் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. பொரித்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது. மீன் நாறாமல், பார்வைக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணாலும் மூக்காலும் பிடிக்க முடியாத ஒன்றை அளந்துதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற சூரையில் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் ஹிஸ்டமின் என்று பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த ஆளுக்குப் பற்றீரியாவும் தெரிய வேண்டும், கருவியும் தெரிய வேண்டும். அவர் படித்தது பயோவா கெமிஸ்ரியா?

நீங்கள் போட்ட "பயோவா கெமிஸ்ரியா" என்ற கோடு பாடசாலை நேரசூசியில் மட்டும் இருக்கிற கோடு. வேலை கொடுப்பவர் கேட்பது ஒன்றைத்தான்: இதைச் சரியாக அளக்க உன்னால் முடியுமா, அளந்ததை நம்பும்படி எழுத முடியுமா.

என் முதல் நேர்முகத்தில் இப்படித்தான் மாட்டினேன். சிறப்புப் பட்டம், நல்ல வகுப்பு, புதுச் சேலை எல்லாம் சரி. "0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு லீற்றர் எப்படிச் செய்வீர்?" என்றார்கள். நாலு கிராம் நிறுத்து ஒரு லீற்றருக்குக் கரைப்பேன் என்றேன், ஓ.எல். பிள்ளையும் சொல்லும். "அப்படியே பாவிப்பீரா?" என்றார் ஒரு வயதான அம்மையார். ஓம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த உப்புப்போன்ற வெள்ளை மணி காற்றிலிருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும், நிறுக்கும்போதே நிறை பொய். அதனால் வேறொரு நிலையான அமிலத்தை நிறுத்து, அதற்கு எதிராக நியமித்து, உண்மைச் செறிவு 0.0973 என்றோ 0.0981 என்றோ கண்டு போத்தலில் திகதியோடு எழுத வேண்டும். இது எனக்குப் பரீட்சைக்காகத் தெரியும், கைக்குத் தெரியாது. அந்த வேலை கிடைக்கவில்லை. கம்பஸில் செயன்முறைக்கு நாலு பேர் ஒரு அளவிக்கு நிற்பார்கள், ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், இரண்டு பேர் கதைப்பார்கள். நான் எழுதுகிற ஆளாகவே நாலு வருடம் இருந்துவிட்டேன். நீங்கள் செய்கிற ஆளாக இருங்கள், எழுத்து அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை.

திருகோணமலையில் வேலை இருக்கிறதா? நீங்கள் பஸ்ஸில் போகும்போது ஒருபக்கம் கடலைப் பார்க்கிறீர்கள், மற்றப்பக்கம் பார்ப்பதில்லை போல. சீனக்குடாப் பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை, மா ஆலை, பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆய்வுகூட வேலை இருக்கிறது. சீமெந்தை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். ஜிப்சம் அளவு பிசகினால் கொத்தனார் கரண்டியில் எடுக்க முன்னரே இறுகிவிடும். மாவில் ஈரப்பதனும் பசைப்புரதமும் பார்க்காவிட்டால் பாணும் ரொட்டியும் பேக்கரிக்காரரின் மானத்தை வாங்கும். வடக்கே புல்மோட்டைக் கறுப்பு மண்ணில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன். அதில் தைத்தேனியம் எத்தனை வீதம் என்பதுதான் விலை. (மண்ணாகவே ஏற்றிவிட்டு அதிலிருந்து செய்த வெள்ளைப் பெயின்றை நாம் காசு கொடுத்து வாங்குவது தனிக் கதை, அதை எழுதப் போனால் இந்தப் பதில் முடியாது.) நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருகிறது, குழாயில் வரும்போது குளோரீன் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் பற்றிப் பேச்சு எடுத்தாலே கிணற்றுத் தண்ணீரைச் சோதி என்பார்கள், புளோரைட்டு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம்.

பயோப் பக்கத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் நுளம்பு. நம் அம்மம்மாமார் காலத்தில் இந்த மாவட்டத்தில் மலேரியா வராத வீடு குறைவு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்குப் பின்னால் டொக்டர்மார் மட்டும் இல்லை, விலங்கியல் படித்துவிட்டு விடியற்காலையில் மாட்டுக் கொட்டிலிலும் கிணற்றடியிலும் நுளம்பும் குடம்பியும் பிடித்து எண்ணிக்கொண்டிருந்த பூச்சியியல்காரர்கள் இருந்தார்கள். அடுத்த வருடமே கிண்ணியாவில் டெங்கு வந்து ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தபோது வேறொரு நுளம்புக்காக அதே ஆட்களைத் தேடினோம். புறாத்தீவு முருகைக்கல்லும் திமிங்கிலமும் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்கட்டும். ஆனால் கடலுயிரியல் படித்தவருக்கான நிரந்தரப் பதவி நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணுகிற மாதிரித்தான், வெற்றிடம் விழுந்து வர்த்தமானியில் வரும்வரை காத்திருக்க வயிறு கேட்காது.

இனி கசப்பான பக்கம். மேலே சொன்ன நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தாலும் நம்மூரில் வருடாவருடம் வெளியே வரும் பட்டதாரிகளுக்குப் போதாது. ஒரு ஆய்வுகூடத்தில் ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஒரு கதிரை. உயிரியலில் பொதுப் பட்டம் மட்டும் எடுத்துவிட்டு, கையில் வேறொன்றும் இல்லாமல் வந்து, பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்து, கடைசியில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கையெழுத்து வைத்துவிட்டு மேசைக்கு அலைகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த வழியும் இறுகிவிட்டது. ஆசிரியர் வேலை நல்ல வேலை, நம் மாவட்டத்துக்குக் கெமிஸ்ரி ரீச்சர் தேவையும் இருக்கிறது, ஆனால் "ஒன்றும் கிடைக்காட்டி ரீச்சிங்" என்ற மனதோடு போகிறவர் வகுப்பில் இருக்கிற நாற்பது பேருக்கும் கெமிஸ்ரியை வெறுக்கப் பண்ணிவிடுவார், தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

அதனால் "திருகோணமலையிலேயே" என்பதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் நாலைந்து வருடம் வேலை எங்கே கற்கலாமோ அங்கே போங்கள். கொழும்பு, பியகம, ஹொரணைப் பக்க ஆய்வுகூடங்களில் கருவிகள் அதிகம், தப்புப் பண்ணிக் கற்கச் சந்தர்ப்பமும் அதிகம். அனுபவத்தோடு இங்கே ஒரு வெற்றிடம் வரும்போது விண்ணப்பித்தால் உள்ளூர் ஆள் என்பது அப்போதுதான் பலம். அங்கே அறிக்கை ஆங்கிலத்தில் என்றாலும் வேலைத்தளத்துப் பேச்சு சிங்களம், அதையும் இப்போதே தொடங்கலாம். அம்மாவுக்கு இரவு மெயில் ரயில் இருக்கிறது என்று சொல்லுங்கள், வெள்ளி இரவு ஏறினால் சனி விடிய வீடு. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ கிடைத்தால் அம்மாவுக்கு இன்னும் நிம்மதி.

ரியூசன் சேர் சொன்ன இடம் இராஜகிரியவில் உள்ள இன்ஸ்டிடியூட் ஒவ் கெமிஸ்ரி சிலோனாக இருக்க வேண்டும். 1941இல் இரசாயனவியல் சங்கமாகத் தொடங்கியது. அவர்கள் நடத்தும் நாலு வருடப் படிப்பு, பல்கலைக்கழகச் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுகிறது, அதை முடித்து அமெரிக்காவில் கற்பித்தல் உதவித்தொகையோடு கலாநிதிப் படிப்புக்குப் போனவர்களும் உண்டு. நல்ல இடம்தான். ஆனால் கட்டணம் உண்டு, கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல். காசு கட்டாமல் அரச கம்பஸில் இடமும், மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் மாதாமாதம் கைச்செலவும் வரும்போது, அப்பாவின் வள்ளத்தை நம்பி இதற்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பஸ் கிடைக்காவிட்டால் மட்டும், இரண்டாவது யோசனையே இல்லாமல் இதற்குப் போங்கள்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது உயிரியல் விஞ்ஞானத்தோடு நிறுத்தாதீர்கள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல், உணவு விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் உங்கள் பாடச் சேர்க்கைக்குள்ளேதான் வருகின்றன. வீட்டுக்குக் கிட்டவே வேண்டும் என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலைக் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, சொந்தக்காரருக்கும் டொக்டர் கிடைத்த மாதிரி. (பகிடி இல்லை, மூலிகையில் இருக்கிற இரசாயனத்தைப் பிரித்துப் பார்க்க ஆர்வமுள்ள ஒரு சித்த வைத்தியர் நம்மூருக்குக் கிடைத்தால் பெரிய காரியம்.) வரிசை போடும்போது உண்மையாகப் பிடித்ததை மேலே போடுங்கள், கிடைக்கும் என்று நினைப்பதை அல்ல.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., இசட் ஸ்கோர் தேவையில்லை என்று முகவர்கள் வீடு தேடி வருவார்கள், உங்கள் பெறுபேறு எப்படியோ அவர்கள் கைக்குப் போய்விடும். அங்கே படித்து வந்தாலும் இங்கே மருத்துவ சபை வைக்கும் தகுதிகாண் பரீட்சை எழுதித்தான் பதிய வேண்டும், அதில் வருடக்கணக்காக நிற்பவர்கள் இருக்கிறார்கள். காணியை ஈடு வைக்க முன்னர் அப்படி நிற்கிற ஒருவரோடு அப்பாவைப் பேச வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆய்வுகூட வேலையில் ஒருநாள் வரும். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கப்பல் காத்திருக்கிறது, சரக்கு தரத்துக்குச் சற்றே கீழே நிற்கிறது, "கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள் மிஸ்" என்றார்கள். மாற்றவில்லை. கத்தினார்கள், அடுத்த வருடச் சம்பள உயர்வும் வரவில்லை, பிறகு நான் அங்கிருந்து விலகினேன். அடுத்த வேலை அந்தக் கதையாலேயே கிடைத்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை, ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். இதையும் தெரிந்துகொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். அப்பாவிடம் கேளுங்கள்: வலையில் சூரை ஏறியதிலிருந்து ஐஸுக்குள் போகும்வரை எத்தனை நிமிடம், எத்தனை கிலோ மீனுக்கு எத்தனை கிலோ ஐஸ், துறைக்கு வரும்போது பெட்டிக்குள் என்ன வெப்பநிலை. ஒரு மாதத்துக்குத் தினமும் திகதி போட்டுக் குறித்துவிட்டு, பெறுபேற்றுச் சீட்டின் பிரதியோடு அந்தக் கொப்பியையும் படம் எடுத்து அனுப்புங்கள். வெப்பமானி வாங்கும்போது கண்ணாடியில் உள்ளதை வாங்காதீர்கள், உடைந்தால் மீன் முழுக்க வீண், அப்பா என்னைத்தான் ஏசுவார்.